தீப்பெட்டி ஊர், பீடி ஊர், நடுவில் ஓர் அருவி!

காலை ஆறரை மணி. திருவேங்கடம் பஸ் ஸ்டாண்ட். ராத்திரி முழுக்க சென்னை பஸ்ஸில் உட்கார்ந்து, கோவில்பட்டியில் இறங்கி, முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்த முதுகு 'அம்மாடி' என்கிறது. இறங்கியதும் என் வலது கை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சட்டைப் பையைத் தடவுகிறது. காலி. ஏமாந்துபோய் பேன்ட் பாக்கெட்டுக்குப் போகிறது. அங்கேயும் காலி. பதினேழு வருஷப் பழக்கம், பாவம். 'நாம விட்டுட்டோம்ப்பா' என்று கைக்கு யார் போய்ச் சொல்வது?

விட்டு மூன்றாவது நாள்.

சிகரெட்டை விட நினைப்பவன் எங்கே போக வேண்டும்? இமயமலைப் பக்கம் ஏதாவது ஆசிரமத்துக்குப் போகலாம். நான் லீவு போட்டுக்கொண்டு போனது தென்காசி மாவட்டத்துக்கு. விவரம் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் திருவேங்கடம், தீப்பெட்டி செய்கிற ஊர். தெற்கே போனால் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் என்று வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர்கள். இந்தப் பக்கம் பற்ற வைக்க நெருப்பு, அந்தப் பக்கம் பிடிக்கப் புகை. இரண்டையும் அணைக்க மேற்கே குற்றாலம்! (2019 நவம்பர் வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம். பிரித்தபோது அல்வாவை அவர்கள் வைத்துக்கொண்டு அருவியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.)

இதற்கு முன்னால் சிகரெட்டை விட்டதே இல்லையா என்று கேட்காதீர்கள். விட்டிருக்கிறேன், பல தடவை. ஜனவரி 1-ஆம் தேதி விட்டு 2-ஆம் தேதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் விட்டு, மறுவீட்டு விருந்தில் மச்சினன் நீட்டியதை மரியாதைக்காக வாங்கியிருக்கிறேன். அதிகபட்ச சாதனை 41 நாள். ஐயப்பனுக்கு மாலை போட்ட வருஷம் அது. அந்த 41 நாளும் ஒரு தம் அடிக்கவில்லை. ஆசையே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றினேன். கழற்றிய கை காய்வதற்குள் பெட்டிக்கடையில் நின்றேன்.

அது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பக்தி ஒரு காரணம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. மாலை போட்டவனை ஊரே கண்காணிக்கிறது சார். டீக்கடைக்காரர் 'சாமி' என்கிறார். ஆபீஸில் மேனேஜர்கூட 'சாமி' என்கிறார். தம் அடிக்கிற கோஷ்டி நம்மைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறது. யாரும் 'ஒண்ணே ஒண்ணு அடி மச்சி' என்று நீட்டுவதில்லை. மாலையைக் கழற்றிய நிமிஷம் அத்தனை காவலும் வாபஸ். அன்றைக்கு நீட்டியதும் அதே கோஷ்டிதான்.

இந்தத் தடவை மாலை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு டெலிபோன் நம்பர்.

சிகரெட் பெட்டியில் அழுகிப்போன தொண்டைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் போட்டிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? 1800-11-2356. 2018-லிருந்து அச்சடிக்கிறார்கள். நான் தினமும் பத்து தடவை பார்த்துவிட்டு, படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒன்றை உருவுவேன். மத்திய அரசு 2016-இல் டெல்லியில் ஆரம்பித்த இலவசப் போன். ஹிந்தியில் திட்டுவார்களோ என்று பயந்துகொண்டே கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார் ஒரு அம்மணி. திட்டவும் இல்லை, பிரசங்கமும் இல்லை. பத்திரிகை நிருபர் மாதிரி கேள்வி கேட்டார். காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? எதற்குப் பிறகு கட்டாயம் வேண்டும்? யாரோடு சேர்ந்தால் அதிகம்? எந்தத் தேதியில் விடப் போகிறீர்கள்?

"தேதியா? பாத்துச் சொல்றேன் மேடம்."

"கல்யாணத்துக்கு மட்டும் தேதி குறிக்கிறீங்க இல்ல? இதுக்கும் குறிங்க."

குறித்தேன். முதல் வாரம் ஆபீஸ் டீ பிரேக் பக்கமே போகாமல் இருந்தால் நல்லது என்றார். ஊருக்குப் போகிறேன் என்றேன். ஊரில் யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்வார்களா, யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"எங்க அத்தைகிட்ட."

"நல்லது. அத்தை என்ன செய்றாங்க?"

"பீடி சுத்துறாங்க."

டெல்லியோ பெங்களூரோ, அந்த முனையில் ஐந்து விநாடி சத்தமே இல்லை.

* * *

திருவேங்கடம் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, வெயில் அடித்தால் வாய் பிளக்கும். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். வானத்தை நம்பிய விவசாயம் என்பதால் வானம் ஏமாற்றிய வருஷங்களில் ஜனங்கள் தீப்பெட்டியை நம்பினார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்று வந்தவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1923-இல் சிவகாசியில் பற்றிய அந்தக் குச்சி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எங்கள் ஊர் என்று பரவிவிட்டது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்'. எட்டாங்கிளாஸோடு நின்றுபோன அக்காமார்கள்கூட டிபன் வாளியைத் தூக்கிக்கொண்டு 'ஆபீஸுக்கு நேரமாச்சு' என்று ஓடுவார்கள். நான் சென்னையில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்றபோது எங்கள் ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "பெட்டி ஒட்டுறியா, குச்சி அடுக்குறியா?"

பதினான்கு வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. பேப்பரில் தலைப்புச் செய்தி. நாடு முழுக்க முணுமுணுத்தது. ஒரு சிகரெட்டுக்குக் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, தீப்பெட்டி இரண்டு ரூபாயா என்று பெட்டிக்கடையில் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். ஊர்க்காரன் செய்கிற காரியமா இது!

வீட்டில் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான். டீ வாங்கப் போவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"என்னய்யா, பொகைய விட்டுட்டியாமே?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. மூணு நாளாச்சு."

"மூணு நாளு ஒரு நாளாடே!" என்று சிரித்தார் ஒரு பெரியவர். ஆனால் அண்ணாச்சி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தொங்கிக்கொண்டிருந்த லைட்டரை எடுத்து மேலே ஆணியில் மாட்டினார். கல்லாவுக்குப் பக்கத்து பாட்டிலிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். "கைக்கும் வாய்க்கும் சோலி வேணும்லா? இதக் கடி." கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஐட்டம். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு மிட்டாய் தின்றேன். புகையை விட்டால் எடை கூடும் என்று சொல்வார்களே, காரணம் எனக்கு விளங்கிவிட்டது!

மூன்றாம் நாள் ரொம்ப மோசமான நாள். தலை கனத்தது. சித்தப்பா ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்ததற்கு எரிந்து விழுந்தேன். நிக்கோடின் உடம்பை விட்டுச் சீக்கிரமே போய்விடுகிறது. மூளைதான் அது வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாளில் அந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போகும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறங்கும் என்று போன் அம்மணி முன்பே எச்சரித்திருந்தார். ஒவ்வொரு ஆசையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காதாம். அந்த ஐந்து நிமிஷத்தைத் தள்ளு, தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, வேறு வேலை பார். இவ்வளவுதான் வைத்தியம். கேட்க ரொம்பச் சுலபம். திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தை எண்ணிப் பாருங்கள், ஆடி மாசக் காற்றுகூட நின்றுவிடும்.

* * *

நாலாம் நாள் சங்கரன்கோவில் போய் தென்காசி பஸ். வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டால் இது மாவட்டத்திலேயே நல்ல பயணம். சங்கரன்கோவிலை விடும்போது செம்மண்ணும் கரிசலுமாக வறண்டு கிடக்கும். புளியங்குடி வந்ததும் பச்சை தட்டும். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர், மூட்டை மூட்டையாக ஏலம் போகும். ரெண்டு பழம் வாங்கி மோந்துகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு வாந்தி வரும் என்று முடிவு கட்டி எழுந்து போய்விட்டார். ஒரு வகையில் வசதி! கடையநல்லூர் தாண்டும்போது மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நிற்கிறது. மேலே மேகம், கீழே நெல் வயல். அப்புறம் அந்தக் காற்று. ஈரம் கலந்த, முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி.

தென்காசியில் இறங்கிக் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனேன். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பழைய கோபுரம் இடிந்துபோய்ப் பல காலம் மொட்டையாகவே நின்று, இப்போதிருக்கும் கோபுரம் 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது. இந்தக் கோபுர வாசலில் வருஷம் பூராவும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். சீசனில் கேட்கவே வேண்டாம், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைக்க முடியாத ஓர் இடத்தைத் தென்காசியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மச்சான் அங்கேதான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். அத்தை மகன், என்னைவிட ஒரு வயசு மூப்பு. எனக்கு முதல் பீடியைப் பற்ற வைத்துக் கொடுத்த குருநாதர். நான் விட்ட கதையைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. "மாப்ள, நான் மட்டும் தனியா அடிக்கணுமா இனிமே? நல்லாவா இருக்கும்? நானும் வாரேன்" என்றார், ஏதோ சினிமாவுக்கு வருகிற மாதிரி. கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து நிக்கோடின் சூயிங்கம் அட்டை ஒன்றை எடுத்தார். 2 மில்லிகிராம். "பபிள் கம் மாதிரி மென்னு துப்பக் கூடாது வே. ரெண்டு கடி கடி. நாக்குல சுர்ருனு வரும். ஒடனே கன்னத்துல ஒதுக்கி வையி. அடங்குனா திரும்பக் கடி. இதுக்கு முன்னால கால் மணி நேரம் டீ, காப்பி ஆகாது. குடிச்சா மருந்து ஏறாது." இத்தனை நாளாக ஆயிரம் பேருக்கு இதை விற்றிருக்கிறாராம், தான் ஒன்று வாயில் போட்டதில்லை.

பந்தயம் போட்டோம். ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் அத்தையிடம் கொடுத்து வைப்பது. ஆறு மாசத்துக்குள் தவறுகிறவன் பணம் மற்றவனுக்கு. (பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி நிஜமாகவே இப்படி ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறது. சிகரெட் காசை அதில் போட வேண்டும், ஆறு மாசம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கோடின் தெரிந்தால் பணம் போச்சு. அந்தக் கணக்கு நீட்டப்பட்டவர்களில் விட்டவர்கள், நீட்டப்படாதவர்களைவிடக் கூடுதல் என்று 2010-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. எங்களுக்கு வங்கி கிடையாது, அத்தைதான்.)

* * *

அத்தை வீடு கடையத்துக்குப் பக்கத்தில். வாசலில் நுழையும்போதே அந்த வாசனை. பீடித்தூள். எனக்கு அது பள்ளிக்கூட லீவின் வாசனை. நாலு பொம்பளைகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தட்டு, தட்டில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். முந்தின ராத்திரி நனைத்து வைத்த இலையை அச்சு வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, ஒரு உருட்டு, முனையை மடக்கி ஒரு குத்து, நூலில் ஒரு சுற்று. கண் டி.வி. சீரியலில், கை தட்டில். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றினால் கைகாரி. இலை நம்ம ஊர் இலை இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற தெண்டு இலை. பீடித் தொழிலாளிகளுக்கென்று 1966-இல் ஒரு சட்டம், 1976-இல் சேமநல நிதி எல்லாம் வந்தன. அந்த நிதியில் ஸ்காலர்ஷிப் வாங்கிப் படித்து இன்ஜினீயர் ஆனவர்கள் அந்தத் தெருவிலேயே உண்டு.

நகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'பீடியை ஒழித்துக்கட்டு' என்று எழுதிவிடலாம். இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அத்தை மகள் கல்யாணம், மச்சான் படிப்பு, மாமா போன பிறகு வீட்டு ஓடு மாற்றியது, எல்லாம் ஆயிரம் ஆயிரமாகச் சுற்றியதுதான்.

2016-17-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்கு 10.7 பேர் புகைக்கிறார்கள். பீடி பிடிப்பவர்கள் 7.7, சிகரெட் 4. இரண்டையும் பிடிக்கிற என் மச்சான் வகையறா இரண்டு கணக்கிலும் வருவார்கள். 'பீடி இலைதானே, இயற்கைதானே' என்பது சுத்தப் பொய். அந்த இலையில் காற்று புகாது, அணைந்து அணைந்து போகும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டைவிட நெஞ்சுக்குப் போகிற விஷம் கூடுமே தவிர குறையாது.

அத்தைக்கு இந்த விஷயம் எதுவும் நான் சொல்லவில்லை. விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். கை நிற்காமல் சுற்றிக்கொண்டே, "சரி. நல்லது" என்றாள். பந்தயப் பணத்தை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பேச்சை எடுத்தாள்.

"ஒங்கப்பன் கடேசி வருசம் எப்படி இருந்தாம்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். அப்பா 2013-இல் போனார். கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் பத்தடி. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவார். நுரையீரல் சல்லடை ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

பீடிக்கடையில் எண்ணிப் பார்த்து, சரியில்லாததை 'கழிவு' என்று தள்ளிவிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. அந்தக் கழிவை அத்தை மஞ்சப் பையில் கட்டி மாசா மாசம் திருவேங்கடத்துக்குக் கொண்டு வருவாள். அண்ணனுக்குச் சீர் மாதிரி. அப்பா அதை வாங்கி மோந்து பார்த்துச் சிரிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நான்தாம்யா கொண்டாந்து கொடுத்தேன்" என்றாள் அத்தை. அழவெல்லாம் இல்லை. தட்டில் இருந்த தூளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அவன் கேட்டான், கொடுத்தேன். பத்து வருசமா யார்ட்டயும் சொல்லல. நீ விட்டது நெசம்னா நெசமா இருக்கணும். ஏமாத்துனா எங்கிட்டச் சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லிரணும்."

அம்மணி போனில் கேட்டாரே, 'யாரிடம் சொல்லப் போகிறீர்கள்' என்று. சரியான இடத்தில்தான் சொல்லியிருந்தேன்.

* * *

ஆறாம் நாள் ராத்திரி குற்றாலம். சீசன் உச்சம். சாரல் என்றால் அப்படி ஒரு சாரல். மழையா என்றால் மழை இல்லை, நனையவில்லையா என்றால் தொப்பல். நானும் மச்சானும் லாட்ஜில் ரூம் போட்டோம். பிரானூர் பார்டர் கடையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். இந்த இடத்தில்தான் சார் எதிரி ஒளிந்திருந்தான். வயிறு நிறைய காரம், வெளியே குளிர், ராத்திரி பதினொன்றரை, பேச்சுக்கு மச்சான். பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு நேரத்தில் நான் புகை இல்லாமல் இருந்ததே இல்லை.

மச்சான் தூங்கிவிட்டார். நான் 'தண்ணி பாட்டில் வாங்கணும்' என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு இறங்கினேன். கடையில் ஒரு சிகரெட், ஒரு தீப்பெட்டி. கட்டிடத்துக்குப் பின்னால் ஓரமாக நின்று கிழித்தேன். குச்சி நமுத்திருந்தது. இரண்டாவதும் போச்சு. மூன்றாவதின் தலை உதிர்ந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்... எங்கள் பக்கத்துச் சரக்கு! ஊரே சேர்ந்து என்னைத் தடுக்கிறது என்று புரிந்துகொண்டு நான் திரும்பியிருக்க வேண்டும். புரியவில்லை. ஏழாவது குச்சி பிடித்தது. இரண்டு இழுப்பு. தலை கிறுகிறுத்தது. வாயெல்லாம் சாம்பலை நக்கின மாதிரி. மூன்றாவது இழுப்பு இழுக்கத் தோன்றவில்லை. காலில் போட்டு நசுக்கிவிட்டு நிமிர்ந்தால் மாடிப் படியில் மச்சான்.

"பதினோரு நிமிசமா பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றார். "போதுமா, இன்னும் வேணுமா?"

"ஐயாயிரம் உங்களுக்குத்தான் மச்சான்."

"மயிரு ஐயாயிரம். வந்து படும்."

காலையில் முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரெண்டு இழுப்பா? சரி. இன்னைக்கு?" என்றாள். அவ்வளவுதான். இலவச நம்பருக்கும் போட்டேன். அவர்களிடம் நான் எதிர்பார்த்தது ஏச்சு. கிடைத்தது இன்னொரு கேள்விப் பட்டியல். எத்தனை மணி? என்ன சாப்பிட்டீர்கள்? கூட யார்? அப்போது சூயிங்கம் எங்கே இருந்தது? (பேன்ட் பாக்கெட்டில்தான், ரூமில் மாட்டியிருந்தது!) சறுக்கினது வேறு, விழுந்து கிடக்கிறது வேறு என்றார். முதல் தடவையிலேயே விட்டவர்கள் குறைவு, பலபேர் பல தடவை முயற்சி பண்ணித்தான் விட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவதாகச் சொல்லி நாளும் குறித்துக்கொண்டார்.

* * *

பேரருவியில் கூட்டம். மேலே இருந்து விழுகிற தண்ணீர் பொங்குமாகடலில் ஒரு தரம் குதித்து, வேகத்தை அங்கே பாதி இறக்கி வைத்துவிட்டுத்தான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் குளிக்கப் போனவன் கழுத்து அங்கேயே ஒடிந்திருக்கும். தண்ணீர் கூடி ஆர்ச்சைத் தொட்டால் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடும். இப்போது சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை, நல்ல காரியம். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற சட்டம் 2008 அக்டோபர் 2-லிருந்து இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1999-லேயே ஹைகோர்ட் தடை போட்டுவிட்டது. ஆனால் அருவிக்கு அடியில் எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. நின்றுகொண்டு பற்ற வைக்கத் தைரியம் உள்ளவன் வரட்டும், பார்க்கலாம்!

முதுகில் தண்ணீர் அடிக்கிறது, இடி இடிக்கிற மாதிரி. வாயைத் திறந்தால்தான் மூச்சு. பழைய வருஷங்களில் ஐந்து நிமிஷத்தில் இருமிக்கொண்டு வெளியே ஓடி வருவேன். அன்றைக்கு அரை மணி நின்றேன். ஒரு வாரத்தில் நுரையீரல் புதுசாகிவிடாது, தெரியும். ஆனால் ரத்தத்திலிருக்கிற கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளிலேயே இறங்கிவிடுமாம். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் மாரடைப்பு அபாயத்தில் கூடுதலாக இருந்தது பாதியாகக் குறையுமாம். அருவியிலிருந்து வெளியே வந்ததும் வழக்கமாகக் கையில் முளைக்கிற சிகரெட்டுக்குப் பதில் மங்குஸ்தான். உடைக்கிறதற்கே இரண்டு கை வேண்டும், தோல் கறை விரலில் ஒட்டும், உள்ளே நாலைந்து வெள்ளைச் சுளை. அந்த ஐந்து நிமிஷத்துக்கென்றே கடவுள் செய்து வைத்த பழம். விலைதான் சிகரெட்டைத் தோற்கடிக்கிறது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் மச்சானிடம் ஒரு சமாசாரம் சொன்னேன். அமெரிக்காவில் ஃபிரமிங்காம் என்ற ஊரில், 1971 முதல் 2003 வரை பன்னிரண்டாயிரம் பேரை விடாமல் கவனித்திருக்கிறார்கள். 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சிகரெட்டை ஜனங்கள் தனித்தனியாக விடுவதில்லை, கொத்துக் கொத்தாக விடுகிறார்களாம். புருஷனோ பெண்டாட்டியோ விட்டால் மற்றவர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பன் விட்டால் 36 சதவீதம். சின்ன ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவன் விட்டால் 34. கூடப் பிறந்தவன் விட்டால் 25தான்!

"அத்த மகன் விட்டா எத்தன?" என்றார் மச்சான்.

"அதக் கணக்கெடுக்கல."

"வெள்ளக்காரனுக்கு மச்சான் வெவரம் எங்க தெரியும்?" என்றார். கன்னத்தில் சூயிங்கம் ஒதுக்கியிருந்ததால் 'வெவரம்' பாதிதான் கேட்டது.

* * *

திரும்பும்போது அத்தை வீட்டில் அரை மணி. மஞ்சப் பை ஒன்றைக் கொடுத்தாள். மனசு ஒரு கணம் திக்கென்றது. பிரித்தால் அதிரசமும் முறுக்கும். "சென்னைல ஆசை வந்தா இதக் கடி. முடிஞ்சுதுன்னா போன் போடு, அனுப்புதேன்." பந்தயப் பணத்தை மச்சான் வாங்கவில்லை. அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கட்டும், ஏழாம் நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம் என்று தீர்ப்பு. தீர்ப்பைச் சொன்னது அத்தை. சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எண்ணூறு கொடுக்க வேண்டுமாம்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தை போன் வரும். 'நல்லா இருக்கியா' எல்லாம் கிடையாது. எடுத்ததும், "இன்னைக்கு?" என்பாள். "இல்ல அத்த" என்பேன். மச்சான் நடுவில் ஒரு தரம், தீபாவளிக்கு முதல் நாள், சறுக்கினார். அவரே போன் பண்ணிச் சொன்னார். "மயிரு ஐயாயிரம், வந்து படும்" என்று நான் சொன்னேன்.

ஆபீஸ் டீ பிரேக்கில் இரண்டு பேர் என்னிடம் அந்த நம்பரை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் கூப்பிட்டுவிட்டார். இன்னொருவர் ஜனவரி 1-ஆம் தேதி கூப்பிடுவதாக இருக்கிறார்.

போன வாரம் திருவேங்கடம் போயிருந்தேன், ஒரு கல்யாணத்துக்கு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போது பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரர், உதட்டில் பற்ற வைக்காத சிகரெட்டோடு கேட்டார்: "சார், தீப்பெட்டி இருக்கா?"

"இல்லியே சார்" என்றேன்.

டீக்கடை அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். லைட்டர் இன்னும் மேல் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.